443–0: அந்தக் கணக்கில் நம்ம எம்.பி. எங்கே?

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். காலையில் எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், சாயங்காலம் எவ்வளவு கொலுசாக வந்தது, துண்டும் பொடியுமாகத் திரும்பியது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, இந்த நாலும் பொருந்தாமல் நான் பேரேட்டை மூடியதில்லை. பைதான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டதும் இந்தப் பழக்கத்தால்தான். ஜிஎஸ்டி தளம் காட்டும் கொள்முதலையும் எங்கள் பில்களையும் மாதாமாதம் கண்ணால் ஒப்பிட்டுச் சலித்துப்போய், அந்த வேலைக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டேன்.

அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி ஒருநாள் கேட்டார்: “ஏம்மா, வெள்ளிக்கு இந்த மூணு பர்சென்ட் போட்டாங்களே, அப்போ நம்ம எம்.பி. கை தூக்குனாரா இல்லையா? உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன்.”

அரை மணி நேர வேலை என்று நினைத்து “சரிங்கண்ணா” என்றுவிட்டேன். மூன்று மாதம் பிடித்தது. அதில் ஸ்கிரிப்ட் எழுதப் போனது ஒரு வாரம். மீதியில் பெரும்பகுதி, சபையில் எது பதிவாகிறது, எது பதிவாவதே இல்லை என்று பிரித்தறியப் போனது. அந்த நாட்கள் உங்களுக்காவது மிச்சமாகட்டும். பைதானில் ஒரு கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும், மேற்கொண்டு படிக்கலாம்.

நம்ம எம்.பி. யார்?

சிரிக்காதீர்கள். அக்கா கல்யாணமாகி ஏற்காட்டில் இருக்கிறாள். மாமாவுக்குக் காபித் தோட்டத்தில் வேலை. ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியதும் பெருமையாக அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன்: “இதோ பார், நம்ம எம்.பி. போட்ட ஓட்டு.” “அவர் உன் எம்.பி.டி, எனக்கு இல்லை” என்று பதில் வந்தது.

அவள் சொன்னது சரி. ஏற்காடு சேலம் மாவட்டம்தான், ஆனால் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. கெங்கவல்லியும் ஆத்தூரும் அதே பக்கம். மேட்டூர் தர்மபுரியோடு, சங்ககிரி நாமக்கல்லோடு. சேலம் மக்களவைத் தொகுதிக்கு மிஞ்சுவது ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு, வீரபாண்டி என்று ஆறு. மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகளுக்கு நாலு எம்.பி. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிற தூரத்துக்குள் எம்.பி. மாறிவிடுகிறார்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது ஒரு சின்ன அட்டவணை: சட்டமன்றத் தொகுதி, அது சேரும் மக்களவைத் தொகுதி, உறுப்பினர் பெயர், கட்சி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. கடைசி இரண்டு பத்திகளை விட்டுவிடாதீர்கள். இடைத்தேர்தல் வரும். மாநிலங்களவையில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு ஓய்வு பெறுவார்கள், தமிழ்நாட்டின் 18 பேரிலும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். 2016-இல் நடந்த ஓட்டை இன்றைய எம்.பி. கணக்கில் எழுதினால், இல்லாத கடனை யார் தலையிலோ கட்டின மாதிரி. எக்ஸெல் போதும், ஆனால் பைதானோடு கூடவே வரும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்தால் பிறகு தேதியை வைத்துத் தேட வசதி.

பெயர் பதிவாகும் ஓட்டும் பதிவாகாத ஓட்டும்

இதுதான் எனக்கு அதிக நாள் விளங்காமல் இருந்த விஷயம். டிவியில் பார்க்கிற பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. சபைத் தலைவர் கேட்பார், ‘ஆம்’ என்ற சத்தம் ஒரு பக்கம், ‘இல்லை’ என்ற சத்தம் ஒரு பக்கம், எது மிகுதி என்று அவர் சொல்லிவிடுவார். யார் எந்தப் பக்கம் சத்தம் போட்டார் என்று எங்கேயும் எழுதுவதில்லை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் அமளிக்கு நடுவே நிறைவேறியதும் இப்படித்தான். மறுபடி 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களை இரண்டு சபைகளும் திரும்பப் பெற்றதும் குரலில்தான். எவ்வளவு நல்ல ஸ்கிரிப்ட் எழுதினாலும் அந்த நாட்களில் ஒரு பெயர்கூடக் கிடைக்காது. பட்டியலே கிடையாது.

பெயர் பதிவாவது ‘டிவிஷன்’ கேட்கும்போதுதான். தலைவர் சொன்ன முடிவை உறுப்பினர்கள் ஏற்காமல் எதிர்த்துக் கேட்டால் தாழ்வாரங்களைக் காலி செய்யச் சொல்லி மணி அடிப்பார்கள். மக்களவை விதி 367-இன்படி மூன்றரை நிமிஷம் கழித்துக் கேள்வி மறுபடி வைக்கப்படும். அப்புறம் இருக்கையில் பொத்தானை அமுக்க வேண்டும். அல்லது சீட்டு: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, இரண்டும் வேண்டாம் என்பவருக்கு மஞ்சள். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 454–2 என்று நிறைவேறியது சீட்டில்தான்.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் குரலோடு முடிக்க முடியாது. 368-வது பிரிவு கேட்கும் பெரும்பான்மையை எண்ணித்தான் காட்ட வேண்டும். ஆகவே உங்கள் ஸ்கிரிப்டுக்கு நிச்சயமாகத் தீனி கிடைக்கிற இடம் திருத்த மசோதாக்கள். சாதாரண மசோதாக்களில், எதிர்க்கட்சி விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிய டிவிஷன்கள் கிடைக்கும். 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்த மசோதா நள்ளிரவு தாண்டி 288–232 என்று மக்களவையில் நிறைவேறியதே, அது மாதிரி.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்கு அப்புறம், கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அதனால் கட்சி தெரிந்தால் ஓட்டையும் முக்கால்வாசி ஊகித்துவிடலாம். பார்க்கச் சுவாரசியமானது, யார் பெயர் பட்டியலில் இல்லை என்பதுதான்.

அமெரிக்கக் கணக்கில் கை பழகுங்கள்

நேராக நம் நாடாளுமன்றப் பிடிஎஃப்பில் கைவைத்தால் இரண்டே நாளில் வெறுத்துவிடும். நான் முதலில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ஓட்டுகளில் பழகினேன். அந்தச் சபையின் எழுத்தர் அலுவலகத் தளத்தில் ஒவ்வொரு பெயர்வழி வாக்கெடுப்புக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறது. ஆண்டு, அதன் கீழ் வரிசை எண், அவ்வளவுதான் முகவரி. உள்ளே தேதி, என்ன கேள்வி, ஒவ்வொரு உறுப்பினரின் பெயர், மாநிலம், கட்சி, ஓட்டு, எல்லாம் தனித்தனிக் கட்டத்தில். மொத்தக் கூட்டுத்தொகையும் அதே கோப்பில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கோப்பை இறக்குங்கள், பெயர்களை எடுங்கள், ஆதரவு எதிர்ப்பை எண்ணுங்கள், கோப்பில் அவர்களே போட்டிருக்கும் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் சரி, இல்லையென்றால் தவறு நம்முடையது, அந்தத் தரவு அவ்வளவு ஒழுங்கு. அங்கே ‘வாக்களிக்கவில்லை’ என்று ஒரு வகை உண்டு. வராத உறுப்பினரின் பெயரும் அதில் இருக்கும். நம் ஊரில் அந்த வசதி இல்லை. ஓட்டுப் போட்டவர் பெயர் மட்டும் வரும், மற்றவர்களைப் பற்றிப் பேச்சே இருக்காது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது நம் பிடிஎஃப்

மக்களவை, மாநிலங்களவை இரண்டின் விவாதப் பதிவுகளும் ‘சன்சத்’ என்ற அரசுத் தளத்தில் இருக்கின்றன. தேதியைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய விவாதம் பிடிஎஃப்பாக வரும். அதற்குள் எங்கோ நடுவில் பெயர்ப் பட்டியல்.

இங்கே ஒரு யோசனை, கேட்டால் கேளுங்கள்: பதிவிறக்கத்தைத் தானியங்கி ஆக்க முயலாதீர்கள். நான் இரண்டு வாரம் அதில் தொலைத்தேன். டிவிஷன் என்பது தினமும் நடக்கிற சமாச்சாரம் இல்லை, செய்தித்தாள் படித்தாலே எந்த நாள் என்று தெரிந்துவிடும். அந்த நாளின் கோப்பைக் கையால் இறக்கி, பெயரில் தேதியையும் சபையையும் போட்டு, ‘மூலம்’ என்ற ஃபோல்டரில் வையுங்கள். அந்த ஃபோல்டரில் இருக்கும் எதையும் ஸ்கிரிப்ட் மாற்றக் கூடாது. திருத்தப்படாத பதிவு முதலில் வரும், திருத்திய பதிவு பிறகு வரும். இரண்டையும் வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றை எழுதாதீர்கள். பைதானின் ‘ஹேஷ்லிப்’ கொண்டு ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எடுத்துக் குறித்துவைத்தால், தளத்தில் கோப்பு மாறியிருக்கிறதா என்று அடுத்தமுறை இறக்கும்போது தெரிந்துவிடும். பட்டறையில் வெள்ளிக் கட்டிக்கு டச், அதாவது சுத்தம், பார்த்துச் சீட்டு ஒட்டுகிறோமே, அதுபோல.

பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை எடுக்க ‘பிடிஎஃப்பிளம்பர்’ என்ற இலவசத் தொகுப்பு போதும். முதலில் முழு எழுத்தையும் ஒரு உரைக்கோப்பில் கொட்டி, கண்ணால் ஒருமுறை படியுங்கள். ஆமாம், கண்ணால். இந்திப் பேச்சுகள் தேவநாகரியில் ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் ஆங்கிலத்தில் டிவிஷன் தொடங்கும்: ‘ஏஸ்’ என்ற தலைப்பின்கீழ் ஆதரவுப் பெயர்கள், ‘நோஸ்’ என்ற தலைப்பின்கீழ் எதிர்ப்புப் பெயர்கள், மஞ்சள் சீட்டுக்காரர்கள் இருந்தால் தனியாக. பட்டியல் இரண்டு பத்தியாக இருந்தால், எழுத்தை எடுக்கும்போது இடப்பக்கத்துப் பெயரும் வலப்பக்கத்துப் பெயரும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது பக்கத்தை நடுவில் வெட்டி இரண்டு பாதியையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஏ4 தாள் 595 புள்ளி அகலம், 297-இல் வெட்டுங்கள். பக்கத் தலைப்பில் வரும் தேதியும் பக்க எண்ணும் பெயர்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும், அவற்றைக் கழிக்க ஒரு வரி.

ஓட்டு எந்தக் கேள்விக்கு என்பதைத் தவறவிடாதீர்கள். ஒரே மசோதாவுக்கு ஒரே ராத்திரியில் பல டிவிஷன் நடக்கும்: அறிமுகம் செய்யலாமா, இந்தத் திருத்தத்தைச் சேர்க்கலாமா, இந்தப் பிரிவு இருக்கட்டுமா, கடைசியில் மசோதாவே நிறைவேறட்டுமா. எதிர்க்கட்சி கொண்டுவந்த திருத்தத்துக்கு ‘ஆம்’ என்றவர் மசோதாவுக்கு எதிரி. ஸ்கிரிப்ட் ‘ஆம்’ என்பதைப் பார்த்தவுடன் ‘ஆதரித்தார்’ என்று எழுதினால் கதை தலைகீழாகிவிடும். ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தும் 129-வது திருத்த மசோதாவுக்கு 2024 டிசம்பர் 17-இல் நடந்தது அறிமுகத்துக்கான ஓட்டு மட்டும். அதை நிறைவேற்றிய ஓட்டு என்று எழுதிவிடக் கூடாது. நான் கேள்வியின் வாசகத்தை அப்படியே ஒரு கட்டத்தில் சேமித்து, பக்கத்தில் ‘எந்தக் கட்டம்’ என்று கையால் எழுதுகிறேன். இதற்கு ஸ்கிரிப்ட் தேவையில்லை. தலைவர் அந்தக் கேள்வியை வைக்கும் ஒரு பத்தியைப் படித்தாலே தெரிந்துவிடும்.

பெயர் என்னும் முள்வேலி

பட்டியலில் பெயர் குடும்பப் பெயரை முன்னால் போட்டு வரும். வடக்கே அது சரி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். அதனால் டி.ஆர். பாலு ‘பாலு, ஸ்ரீ டி.ஆர்.’ என்று வருவார். அந்தப் பாலுவில் ஆங்கில ‘ஏ’ இரண்டு, ஆனால் எல்லாரும் இரண்டு போட்டு எழுதுவார்கள் என்று நம்பக் கூடாது. ‘பழனிசாமி’ என்று ஒரு பெயரை எங்கள் பட்டறை ஆட்களிடமே எழுதச் சொன்னால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் கிடைக்கும். ஸ்ரீ, ஸ்ரீமதி, டாக்டர் என்ற முன்னொட்டுகள் வேறு. இனிஷியலுக்கு நடுவே புள்ளி ஒருநாள் இருக்கும், ஒருநாள் இடைவெளி இருக்கும்.

முதலில் நான் புத்திசாலித்தனம் செய்தேன். பைதானில் ‘டிஃப்லிப்’ என்று ஒன்று உண்டு, இரண்டு பெயர்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று ஒரு எண் தரும். எண்பது சதவீதம் ஒத்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள் என்று எழுதிவைத்தேன். அழகாக ஓடியது. ‘இதோ, பக்கத்து மாவட்டத்து எம்.பி. போட்ட ஓட்டு’ என்று பட்டறை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்றைக்கு ராத்திரியே ஒருவர் கேட்டார்: “அன்னிக்கு அவர் கட்சியே சபையில இல்லையே, எப்படி ஓட்டுப் போட்டார்?” பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தால், கிட்டத்தட்ட அதே எழுத்துக்கூட்டலுள்ள வேறு மாநிலத்து உறுப்பினர். அவர் போட்ட ஓட்டை இவர் கணக்கில் ஏற்றியிருந்தேன். குழுவில் தவறு என்னுடையது என்று எழுதிவிட்டு, மறுநாள் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துச் சமாதானமானேன். இருந்தாலும் ரெண்டு வாரம் எல்லாரும் என்னைக் கண்டால் “இது யார் ஓட்டும்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து பெயர்ப் பொருத்தம் இப்படி: பட்டியலில் வரும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு ‘மாற்றுப்பெயர்’ அட்டவணை. ஸ்கிரிப்ட் பெயரிலிருந்து முன்னொட்டையும் புள்ளியையும் இடைவெளியையும் கழித்து, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, அந்த அட்டவணையில் தேடும். இருந்தால் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் நின்று ‘இது யார்?’ என்று என்னைக் கேட்கும். டிஃப்லிப் இன்னும் இருக்கிறது, ஆனால் யோசனை மட்டும் சொல்லும், முடிவெடுக்காது. தமிழ்நாட்டுக்கு 39 பேர்தான், ஒரு சாயங்காலத்தில் அட்டவணை நிரம்பிவிடும். 543 பேருக்கும் செய்ய ஆசைப்படாதீர்கள்.

உள்ளே அடையாளமாக நான் பெயரையே வைக்கவில்லை. ‘சேலம், 18-வது மக்களவை’ என்று தொகுதியும் காலமும்தான் சாவி. பெயர் மாறலாம், எழுத்துக்கூட்டல் மாறலாம், தொகுதி மாறாது.

எடை போடுவது

கணக்கெழுதுகிறவளாக எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பெயர்களை எண்ணினால் வரும் தொகையும் தலைவர் அறிவித்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். பல நாள் இருக்காது.

ஏன் என்றால், அவர் அறிவிக்கும்போதே ‘திருத்தத்துக்கு உட்பட்டு’ என்றுதான் அறிவிக்கிறார். பொத்தான் வேலை செய்யாதவர், தவறாக அமுக்கியவர், இருக்கை எண் மாறியவர் எல்லாரும் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். 129-வது திருத்த அறிமுகத்தில் பலகையில் முதலில் தெரிந்தது 220–149. சீட்டுகளைச் சேர்த்த பிறகு இரண்டு பக்கமும் ஏறியது. விவாதப் பதிவில் இது ஒரு நட்சத்திரக் குறியாகவும் அடிக்குறிப்பாகவும் நிற்கும்: கீழ்க்கண்ட உறுப்பினர்களும் சீட்டு மூலம் வாக்கைப் பதிவு செய்தார்கள் அல்லது திருத்தினார்கள். ‘திருத்தினார்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பதிவு செய்தவரால் தொகை கூடும். திருத்தியவரால் ஒரு பக்கம் கூடி இன்னொரு பக்கம் குறையும்.

பேச்சுக்கு, அறிவித்தது 280 என்று வைத்துக்கொள்வோம். பெயர்கள் 284. அடிக்குறிப்பில் நாலு பெயர் இருந்து, நாலும் புதிதாகப் பதிவானவை என்றால் சரி. மூன்று பெயர்தான் என்றால், எங்கோ ஒரு பக்க எண்ணையோ உடைந்த வரியையோ ஸ்கிரிப்ட் ஆளாக எண்ணியிருக்கிறது. நீளமான பெயர் இரண்டு வரியாக உடைந்தால் ஒரே உறுப்பினர் இரண்டு பேராகிவிடுவார், எனக்கு அடிக்கடி நடந்தது இதுதான். என் ஸ்கிரிப்டில் மூன்று எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும்: அறிவித்தது, அடிக்குறிப்பு, எண்ணியது. பொருந்தாவிட்டால் அந்த டிவிஷன் தரவுத்தளத்துக்குள்ளேயே போகாது. ‘பரவாயில்லை, ஒன்றுதானே’ என்று உள்ளே விட்டால், அந்த ஒன்று உங்கள் எம்.பி.யாக இருந்துவிடும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269–270 என்று விழுந்தது ஒரே ஓட்டில்.

பொருந்திய பிறகு ஒவ்வொரு உறுப்பினருக்கும் நாலில் ஒன்று: ஆம், இல்லை, நடுநிலை, பெயர் இல்லை. நாலாவதை ‘வரவில்லை’ என்று எழுத கை துறுதுறுக்கும், எழுதாதீர்கள். வெளிநடப்பு செய்திருக்கலாம், சபையில் இருந்தும் பொத்தான் அமுக்காமல் இருந்திருக்கலாம், ஊரில் இருந்திருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருந்திருக்கலாம். சபையை நடத்திக்கொண்டிருக்கும் தலைவரும் சமமாக நின்றால் ஒழிய ஓட்டுப் போடுவதில்லை. வருகைப் பதிவேட்டை வைத்து ஊகிக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் அன்றைக்கு வந்தார் என்பது மட்டும் தெரியும், ராத்திரி ஒரு மணி டிவிஷனுக்கு இருந்தாரா என்று தெரியாது. மத்திய அமைச்சர்கள் அந்தப் பதிவேட்டில் கையெழுத்தே போட வேண்டியதில்லை.

வெளிநடப்புக்கு மட்டும் ஒரு தடயம் உண்டு. விவாதப் பதிவில் அடைப்புக்குறிக்குள், இந்தக் கட்டத்தில் இன்னாரும் வேறு சில உறுப்பினர்களும் சபையை விட்டு வெளியேறினர் என்று ஒரு வரி வரும். ‘லெஃப்ட் த ஹவுஸ்’ என்ற மூன்று சொல்லைத் தேட ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். ‘வேறு சில’ என்பதற்குள் உங்கள் எம்.பி. இருந்தாரா என்பதை அந்த வரி சொல்லாது. ஆகவே அதையும் குறிப்பாகத்தான் வைக்கிறேன், ஓட்டுக் கட்டத்தில் ஏற்றுவதில்லை.

சட்டமன்றம் பற்றிக் கேட்பீர்கள். அங்கே இந்த ஸ்கிரிப்ட் உதவவில்லை. 2017 பிப்ரவரி 18 அன்று எங்கள் மாவட்டத்து எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கெடுப்பில் 122–11 என்று வென்றாரே, அன்றைக்குப் பகுதி பகுதியாக உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். அப்படிப்பட்ட நாட்களுக்குத் தனி நோட்டு ஒன்று, கையால்.

முதலாளிக்குச் சொன்ன பதில்

முதலாளி கேள்விக்காகப் போட்ட தேதி 2016 ஆகஸ்ட் 8. மாநிலங்களவை செய்த மாற்றங்களோடு ஜிஎஸ்டிக்கான அரசியல் சட்டத் திருத்த மசோதா மக்களவைக்குத் திரும்பி வந்து 443–0 என்று நிறைவேறிய நாள். ஐந்து நாள் முன்னால் மாநிலங்களவையில் 203–0. எதிர்ப்பு பூஜ்யம். அதைப் பார்த்தால் நாடே ஒரு மனதாக இருந்த மாதிரி தோன்றும். ஆனால் அதிமுக இரண்டு சபையிலும் வெளிநடப்பு செய்தது, தமிழ்நாட்டின் 39-இல் அன்றைக்கு அவர்கள் 37. எங்கள் மாவட்டத்து நாலு எம்.பி.க்களில் மேட்டூர் சேரும் தர்மபுரி மட்டும் பாமக, மற்ற மூன்றும் அதிமுக. ஸ்கிரிப்ட் சேலத்துக்கு நேரே ‘பெயர் இல்லை’ என்று போட்டது. குறிப்பில்: கட்சி வெளிநடப்பு.

அச்செடுத்து முதலாளி மேஜையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

“கை தூக்கவும் இல்ல, வேண்டாம்னும் சொல்லல. சரி. மூணு பர்சென்ட் எங்கம்மா?”

அதைத்தான் அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த 3 சதவீதத்தை எந்த எம்.பி.யும் கை தூக்கி முடிவு செய்யவில்லை. விகிதத்தைப் பேசி முடிப்பது ஜிஎஸ்டி கவுன்சில். தங்கம், வெள்ளி நகைக்கு 3 சதவீதம் என்று முடிவானது 2017 ஜூன் 3-இல் நடந்த 15-வது கூட்டத்தில். கவுன்சிலில் ஓட்டெடுப்புக்கு விதி இருக்கிறது: மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, முடிவெடுக்க நாலில் மூன்று வேண்டும். ஆனால் 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காக நடந்ததுதான் அங்கே முதல் ஓட்டெடுப்பு. அதற்கு முன்னால் எல்லாமே பேசி ஒத்துக்கொண்டது.

“அப்போ யாருமே ஓட்டுப் போடலையா?”

“இல்லீங்கண்ணா. கூட்டத்துல யார் என்ன பேசினாங்கங்கிற குறிப்பு மட்டும் அவங்க தளத்துல இருக்கும்.”

தாளை மடித்துக் கல்லாவில் வைத்துக்கொண்டே, “அப்ப அதையும் இறக்கிடு” என்றார்.

‘மூலம்’ ஃபோல்டருக்குப் பக்கத்தில் ‘கவுன்சில்’ என்று இன்னொரு ஃபோல்டர் திறந்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளில் பட்டியலும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை, பத்தி பத்தியாகப் பேச்சுதான். மாநிலத்தின் பெயரைப் பிடித்து, அதை ஒட்டிவரும் பத்தியை வெட்டியெடுக்க ஒரு ஸ்கிரிப்ட் ஆரம்பித்திருக்கிறேன். ‘தமிழ்நாடு’ என்பதற்கு ஆங்கிலத்தில் நடுவே இடைவெளி விட்டும் ஒரு எழுத்துக்கூட்டல், விடாமலும் ஒன்று.